வானத்துக்குக் காசு கொடுப்பவர் யார்?
அரசுகளின் விண்வெளித் திட்டங்களும் நம்மட வட்டைகளும்

2024 நவம்பர் கடைசிக் கிழமையில் பெய்த மழையை நம்மட பகுதியில் யாரும் இலகுவில் மறக்கமாட்டார்கள். காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையில், மாவடிப்பள்ளியில், மத்ரஸா விட்டு வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது அந்தக் கிழமையில்தான். அந்தப் பிள்ளைகளின் ஜனாஸாக்களை ஊரே அழுது அடக்கியது. அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. அதே வெள்ளம் வீரமுனையிலும் சம்மாந்துறையிலும் விதைத்துச் சில கிழமைகளே ஆன பெரும்போக வெள்ளாமையை மூடி நின்றது.

எனக்கு வீரமுனைப் பக்கம் கொஞ்சம் வயல் இருக்கிறது. பக்கத்து வயல்காரர் வீரமுனையைச் சேர்ந்த தமிழர். வரம்பு ஒன்று, வாய்க்கால் ஒன்று. வந்த வெள்ளமும் ஒன்று. நீர் வடிந்தபின் இருவரும் நட்டஈட்டுக்கு விண்ணப்பித்தோம். எத்தனை நாள் தண்ணீர் நின்றது, எத்தனை ஏக்கர் அழிந்தது என்பதற்கு அத்தாட்சி வேண்டுமென்றார்கள். படிப்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால் கணினியில் கொஞ்சம் தட்டத் தெரியும். வெள்ளம் வடியாமல் நின்ற நாட்களில் ஐரோப்பியச் செய்மதி ஒன்று எடுத்த படத்தை இணையத்திலிருந்து இலவசமாக இறக்கி, நம்மட வட்டை கறுப்பாகத் தெரியும் இடத்தை வட்டமிட்டு, அச்செடுத்துக் கொண்டுபோனேன். எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. உத்தியோகத்தர் நல்ல மனிதர். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "படம் சரிதான் சேர். ஆனா இத ஏத்துக்கச் சொல்லி எங்களுக்குச் சுற்றுநிருபம் ஒண்டும் வரல்லயே" என்றார்.

திரும்பி வரும் வழியில் வீரமுனைச் சந்தியில் தேத்தண்ணி குடிக்கும்போது பக்கத்து வயல்காரர் கேட்டார்: "சேர், இவ்வளவு துலாம்பரமா மேல இருந்து படம் புடிக்கிறானுகள். இதுக்கு ஆர் காசு குடுக்கிற? நம்மளுக்கு ஏன் சும்மா தாறானுகள்?"

இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் அந்த இடத்தில் என்னால் ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து வாசித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படத்தின் விலை

முதலில் அந்தப் படம். வெள்ளக் காலத்தில் சாதாரணக் கமராச் செய்மதிக்குத் தெரிவது முகில் மட்டும்தான். நமக்குப் படம் எடுத்துத் தந்த 'சென்டினல் 1' வகைச் செய்மதி, ரேடார் அலையை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை அளக்கிறது. ரேடார் முகிலையும் இருட்டையும் ஊடுருவும். கரடுமுரடான நிலத்தில் பட்ட அலையில் ஒரு பகுதி செய்மதிக்கே திரும்பிவரும். அசையாமல் கிடக்கும் நீரில் பட்டது கண்ணாடியில் பட்டதுபோல் மறுபக்கம் தெறித்துப் போய்விடும். ஆகவே நீர் நின்ற இடம் படத்தில் கறுப்பு.

இந்த வகையின் முதல் செய்மதி 2014 ஏப்ரல் 3ஆம் திகதி ஏவப்பட்டது. செலவைக் கொடுத்தவர்கள் ஐரோப்பிய மக்கள், அவர்கள் கட்டிய வரியினூடாக. ஐரோப்பிய ஒன்றியத்தின் 'கோப்பர்நிக்கஸ்' திட்டத்தின் கீழ், ஐரோப்பிய விண்வெளி முகவரகம் அதை உருவாக்கியது. படங்களை உலகில் யாரும் காசில்லாமல் எடுக்கலாம் என்பது அந்தத் திட்டத்தின் கொள்கை.

ஏன் சும்மா தருகிறார்கள்? இதற்கு அமெரிக்காவின் 'லாண்ட்சாட்' செய்மதிகளின் கதை நல்ல பதில். முதலாவது லாண்ட்சாட் 1972 ஜூலையில் ஏவப்பட்டது. 1980களில் அமெரிக்க அரசு, "இதைத் தனியார் நடத்தட்டும், படத்தை விற்றுச் செலவை எடுக்கட்டும்" என்று முடிவெடுத்து, 1984இல் சட்டமும் இயற்றியது. ஒரு படத்தின் விலை நான்காயிரம் டொலர் அளவுக்கு ஏறியது. பல்கலைக்கழகங்களும் வறிய நாடுகளும் வாங்குவதைக் குறைத்தன. செய்மதியின் செலவையும் படம் விற்ற காசு ஈடுசெய்யவில்லை. 1992இல் வேறொரு சட்டத்தால் அரசே பொறுப்பைத் திரும்ப எடுத்தது. 2008இல் படங்கள் அனைத்தும் இலவசமாக்கப்பட்டன. அதுவரை நாளொன்றுக்குப் பத்துக்கணக்கில் போன படங்கள் பின்னர் ஆயிரக்கணக்கில் போயின. காடு, நீர், பயிர், நகர வளர்ச்சி என்று அதை வைத்து நடந்த ஆய்வுகள் பெருகின.

பொருளியல் பாடத்தில் இதைப் 'பொதுப் பண்டம்' என்போம். தெருவிளக்கின் வெளிச்சத்தை ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குக் குறைவதில்லை. ஒவ்வொருவரிடமும் கட்டணம் வாங்க வெளிக்கிட்டால் விளக்கு எரியாது. வானிலைச் செய்மதியும் புவி நோக்குச் செய்மதியும் அப்படிப்பட்டவை. தொலைக்காட்சி, தொலைபேசிச் செய்மதிகள் வேறு: வாடிக்கையாளர் இருக்கிறார், தனியார் முதலிட்டு இலாபமும் காணலாம். ஆகவே எந்த அரசும் முதலில் தீர்மானிக்க வேண்டியது, எந்தச் செய்மதிக்கு வரிப்பணம், எதற்குச் சந்தைப் பணம் என்பதை.

வக்ஃபும் வான்காணகமும்

இந்தக் கேள்வி நம் முன்னோருக்குப் புதிதல்ல. விண்ணாய்வு எப்போதும் செலவுள்ள வேலை. தனி மனிதரால் முடியாது. ஆட்சியாளர் கைகொடுக்க வேண்டும்.

1258இல் பக்தாத்தை அழித்த ஹுலாகு, அடுத்த ஆண்டே மராகாவில் ஒரு வான்காணகம் அமைக்க நஸீருத்தீன் தூஸிக்கு அனுமதி கொடுத்தான். தூஸி மன்னனின் தயவை மட்டும் நம்பி இருக்கவில்லை. வக்ஃபுச் சொத்துகளை நிருவகிக்கும் பொறுப்பு அவரிடம் இருந்தது. அந்த வருமானத்தின் ஒரு பங்கு வான்காணகத்துக்குப் போனது. 1265இல் ஹுலாகு இறந்தான். வேலை நிற்கவில்லை. கிரகங்களின் நிலையைக் கணிக்கும் அட்டவணைகள் அதற்குப் பிறகுதான் நிறைவடைந்தன. 1274இல் தூஸி இறந்த பிறகும் அந்த இடம் பல ஆண்டுகள் இயங்கியது.

மற்ற இரண்டையும் பாருங்கள். ஸமர்கந்தில் உலூக் பேக் 1420களில் எழுப்பிய வான்காணகம் அக்காலத்தில் ஈடிணையற்றது. ஆனால் அதன் காவலர் அவரே. 1449இல் அவர் கொல்லப்பட்டதும் அது பாழடைந்து மண்ணுக்குள் போனது; 1908இல்தான் தோண்டி எடுத்தார்கள். இஸ்தான்பூலில் மூன்றாம் முராத் சுல்தானின் ஆதரவில் தகியுத்தீன் அமைத்த வான்காணகத்தை, அரசவையின் காற்று மாறியதும் அதே சுல்தானின் கட்டளையின் பேரில் 1580இல் இடித்துத் தள்ளினார்கள்.

மூன்று இடத்திலும் அறிவுக்குக் குறைவில்லை. ஒன்றுக்கு நிலையான வருமானம் இருந்தது. மற்ற இரண்டும் ஒரு மனிதரின் விருப்பத்தில் தொங்கின. இன்றைய அரசுகளின் விண்வெளித் திட்டங்களையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் பல விடயங்கள் விளங்கும்.

அமெரிக்கா: ஆண்டுக்கொரு தடவை கேட்க வேண்டும்

1957 ஒக்டோபர் 4ஆம் திகதி சோவியத் ஒன்றியம் 'ஸ்புட்னிக்'கை ஏவியதும் அமெரிக்கா பதறியது. ஆனாலும் ஜனாதிபதி ஐசன்ஹோவர் எல்லாவற்றையும் படையினரிடம் கொடுக்கவில்லை. 1958 ஜூலை 29ஆம் திகதி கையெழுத்தான சட்டம், படைத்துறை சாராத விண்வெளி வேலைகளுக்கென நாசாவை உருவாக்கியது. பாதுகாப்பு சம்பந்தமானவை பாதுகாப்புத் திணைக்களத்திடமே இருந்தன. 'சிவில்' விண்வெளித் திட்டம் என்ற சொல் அர்த்தம் பெற்றது இந்தப் பிரிவினையால்தான். நாசா தன் ஆய்வு முடிவுகளைப் பகிரங்கப்படுத்த வேண்டும். அதனால் உலகமும் பயன்பெற்றது.

நாசாவுக்கு நிரந்தர வருமானம் கிடையாது. ஒவ்வொரு ஆண்டும் ஜனாதிபதி ஒரு தொகையைக் கேட்பார். எதைச் செய்யலாம் என்பதற்கு ஒரு சட்டம், எவ்வளவு செலவிடலாம் என்பதற்கு வேறொரு சட்டம். இரண்டாவது இல்லாமல் ஒரு சதமும் வெளியே வராது. நிதியாண்டு ஒக்டோபர் 1ஆம் திகதி தொடங்கும். சட்டம் தாமதமானால் பழைய அளவிலேயே செலவிட்டுக்கொண்டு இருக்க வேண்டும், புதிய வேலை தொடங்க முடியாது. சந்திரனுக்குப் போகும் போட்டி நடந்த 1966இல், அமெரிக்க அரசு செலவிட்ட நூறு டொலரில் நாலு டொலருக்கு மேல் நாசாவுக்குப் போனது. இன்று அது ஐம்பது சதத்துக்கும் குறைவு. போட்டி முடிந்தது, அவசரமும் முடிந்தது. பத்து வருட வேலையை ஒரு வருடக் காசில் திட்டமிடுவதே அவர்களது ஓயாத தலையிடி.

ஒருங்கிணைப்பும் அங்கே பாடம்தான். வானிலைச் செய்மதியை நாசா கட்டி ஏவிக் கொடுக்கும். நடத்துவது கடல், வளிமண்டலத்துக்கான வேறொரு முகவரகம். லாண்ட்சாட்டையும் நாசாவே கட்டும். படங்களைப் பேணி விநியோகிப்பது புவியியல் அளவை நிறுவனம். செய்பவரும் பயன்படுத்துபவரும் வெவ்வேறு. பயன்படுத்துபவருக்கும் தனி வரவு செலவும் பொறுப்பும் உண்டு.

இந்தியா: ஒரே மனிதருக்கு மூன்று தொப்பி

நமக்கு மிகவும் பொருந்தும் பாடம் அக்கரையில் இருக்கிறது. 1962இல் இந்திய அணுசக்தித் துறையின் கீழ் விண்வெளி ஆராய்ச்சிக்கென ஒரு தேசியக் குழு அமைந்தது. தலைவர் விக்ரம் சாராபாய். திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பா என்ற மீனவர் ஊரில், அங்கிருந்த மரிய மதலேனாள் தேவாலயத்தையும் ஆயரின் சம்மதத்தோடு பெற்று, ஏவுதளம் தொடங்கினார்கள். 1963 நவம்பர் 21ஆம் திகதி அங்கிருந்து போன முதல் ரொக்கெட் அமெரிக்காவுடையது, அதிலிருந்த கருவி பிரான்சுடையது. சொந்தக் கையில் இருந்தது இடமும் ஆட்களும்தான். அந்த ஆட்களில் ஒருவர் இராமேஸ்வரத்தில் படகுக்காரர் ஜைனுலாப்தீனின் மகன், நம்மெல்லோருக்கும் தெரிந்த அப்துல் கலாம்.

1969 ஓகஸ்ட் 15இல் இஸ்ரோ பிறந்தது. 1972இல் செய்த காரியம்தான் முக்கியம்: கொள்கை வகுக்க விண்வெளி ஆணைக்குழு, காசுக்கும் நிருவாகத்துக்கும் விண்வெளித் திணைக்களம், வேலைக்கு இஸ்ரோ. திணைக்களம் நேரே பிரதமரின் கீழ். மூன்றுக்கும் பொதுவாக ஒருவரே தலைவர். கொள்கை ஓரிடத்தில், கோப்பு ஓரிடத்தில், தொழில்நுட்பம் ஓரிடத்தில் என்று இழுபடாது. நம்மட மாவட்டத்தாருக்கு ஓர் உவமை சொன்னால், 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபையைத் தனிச் சட்டத்தால் அமைத்து, அணை, வாய்க்கால், காணி எல்லாவற்றையும் அதன் கையில் கொடுத்தார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. (அந்தச் சபையின் மற்ற விளைவுகள் பற்றிப் பேச இது இடமல்ல.)

இந்த அமைப்பின் பலம் தோல்வியில்தான் தெரிந்தது. 1979 ஓகஸ்ட் 10ஆம் திகதி கலாம் திட்டப் பணிப்பாளராக இருந்த எஸ்.எல்.வி. 3 ரொக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. செய்தியாளர் முன்னே போய்ப் பொறுப்பை ஏற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18ஆம் திகதி அதே ரொக்கெட் வெற்றிபெற்றபோது, போய்ப் பேசச் சொல்லி அவர் அனுப்பியது கலாமை. பலரும் இதைத் தலைமைத்துவக் கதையாகச் சொல்வார்கள். நான் இதை நிதியின் கதையாகவும் பார்க்கிறேன். ஒரு ரொக்கெட் கடலில் விழுந்ததற்காகத் திட்டத்தின் காசு நின்றுவிடவில்லை. அரசியலுக்கும் ஆய்வுகூடத்துக்கும் நடுவே ஆணைக்குழு ஒரு மதில் மாதிரி நின்றது.

பயன்படுத்துபவரையும் இந்தியா மறக்கவில்லை. 'இன்சாட்' செய்மதிகளுக்கென விண்வெளி, தொலைத்தொடர்பு, வானிலை, ஒலிபரப்பு ஆகிய துறைகள் ஒன்றாக உட்காரும் ஒருங்கிணைப்புக் குழு ஒன்றை வைத்தார்கள். 2024 பெப்ரவரி 17ஆம் திகதி ஏவிய இன்சாட் 3டிஎஸ் வானிலைச் செய்மதிக்கு முழுச் செலவையும் கொடுத்தது புவி அறிவியல் அமைச்சு. எனக்குத் தேவை, நான் காசு தருகிறேன், நீ செய்து தா என்ற ஏற்பாடு. காசு கொடுத்தவன் அதைச் சும்மா போட்டு வைக்கமாட்டான்.

தேத்தண்ணிக் கடையில் அடிக்கடி வரும் மற்றக் கேள்விக்கும் இங்கே பதில் உண்டு: "சந்திரனுக்கு விடுற காசில எத்தன ஏழைக்கு வீடு கட்டலாம்?" 2024–25இல் விண்வெளித் திணைக்களத்துக்கு ஒதுக்கியது ஏறத்தாழ 13,000 கோடி இந்திய ரூபா. அந்த ஆண்டு மத்திய அரசின் மொத்தச் செலவு ஏறத்தாழ 48 லட்சம் கோடி. அதாவது நூறு ரூபாவில் 27 சதம். கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் ஏழையின் வீட்டுக் காசு போன இடம் அந்த 27 சதம் அல்ல, மிச்ச 99 ரூபா 73 சதத்தில் தேட வேண்டும். புயல் வருகிறது என்று முன்கூட்டியே சொல்லும் படத்துக்கான செலவும் அந்த 27 சதத்துக்குள்தான் வருகிறது.

கூட்டுச் சீட்டு

தனியே முடியாத நாடுகள் சேர்ந்து செய்யும். ஐரோப்பிய விண்வெளி முகவரகத்தின் சாசனம் 1975இல் கைச்சாத்தானது. இன்று இருபதுக்கு மேற்பட்ட நாடுகள் அதில் உண்டு. அறிவியல் ஆய்வுக்கு எல்லா நாடும் தன் வருமானத்தின் அளவுக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டும். ரொக்கெட், புவி நோக்கு போன்றவற்றில் விரும்பிய நாடு விரும்பிய அளவு சேரலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அமைச்சர்கள் கூடிப் பல வருடங்களுக்கான தொகையை ஒரே தடவையில் உறுதி செய்வார்கள். 2022இல் பாரிஸில் உறுதியானது 1,690 கோடி யூரோ. ஒரு நாடு போட்ட காசுக்கு ஏற்ப அந்த நாட்டுக் கம்பனிகளுக்கு வேலை திரும்பிப் போகும். நம்மட பெண்கள் போடும் சீட்டு மாதிரி என்று நினைத்தேன். ஆனால் இங்கே சீட்டு எடுப்பது காசாக இல்லை, வேலையாக.

முஸ்லிம் உலகில் பல வழிகள் பரீட்சிக்கப்பட்டன. அரபு லீக் நாடுகள் 1976இல் சேர்ந்து 'அரப்சாட்' அமைத்தன, தலைமையகம் ரியாத். முதல் செய்மதி 1985 பெப்ரவரியில் ஏவப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் இரண்டாவது செய்மதியை அமெரிக்க விண்ணோடம் கொண்டுபோனபோது சவூதி இளவரசர் சுல்தான் பின் ஸல்மான் அதில் பயணம் செய்தார். விண்வெளிக்குப் போன முதல் முஸ்லிம் அவரே.

பாகிஸ்தான் தன் விண்வெளி ஆணைக்குழுவை 1961இல் தொடங்கியது. இந்தியாவின் குழுவுக்கு ஒரு வருடம் முந்தியது அது. பேராசிரியர் அப்துஸ் ஸலாம் அதற்கு வழிகாட்டினார். 1962 ஜூன் 7ஆம் திகதி 'ரஹ்பர் 1' ரொக்கெட்டையும் விட்டது. முந்தித் தொடங்கியும் பிந்திப் போனதற்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, பிரதமருக்கு நேரடியாகப் பதில் சொல்லும் தனித் திணைக்களமும் ஆண்டுதோறும் வளரும் ஒதுக்கீடும் இந்தியாவில் இருந்ததுபோல் அங்கே அமையாதது.

மலேசியாவின் வழி வேறு. ரஷ்யாவிடம் 18 சுகோய் போர் விமானங்கள் வாங்கிய ஒப்பந்தத்தின் கிள்ளுக் கீரையாக ஒருவரை விண்வெளிக்கு அனுப்பும் வாய்ப்பு வந்தது. வைத்தியர் ஷேக் முஸஃபர் ஷுகூர் 2007 ஒக்டோபர் 10ஆம் திகதி போனார். அது ரமழான் மாதம். விண்வெளி நிலையத்தில் எப்படித் தொழுவது, கிப்லாவை எப்படிக் கணிப்பது என்று மலேசிய உலமாக்கள் வழிகாட்டி வெளியிட்டார்கள். ஃபிக்ஹுக்கு அது அருமையான சேர்க்கை. ஆனால் ஒப்பந்தம் முடிந்தது, பயணமும் அத்தோடு முடிந்தது. அவருக்குப் பின் இன்னொரு மலேசியர் போகவில்லை.

ஐக்கிய அரபு அமீரகம் இதிலிருந்து பாடம் படித்த மாதிரி நடந்தது. 2014இல் விண்வெளி முகவரகம் அமைத்தது. 'அல் அமல்' செவ்வாய்க் கலத்துக்கு ஏறத்தாழ 20 கோடி டொலர் ஒதுக்கியது. ஆயத்தமாக வாங்கக் கூடாது, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களோடு கூட இருந்து நம் பிள்ளைகள் செய்து பழக வேண்டும் என்பது நிபந்தனை. 2020 ஜூலையில் ஜப்பானிலிருந்து ஏவிய கலம் 2021 பெப்ரவரி 9ஆம் திகதி செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. கலத்தைவிட, அதைச் செய்யத் தெரிந்த இளம் பொறியியலாளர் கூட்டம் ஒன்று நாட்டுக்கு மிஞ்சியதே பெரிய இலாபம்.

இலங்கை: ஆள் உண்டு, வரிசை இல்லை

புவிநிலைச் செய்மதிகளால் உலகத்தையே தொடர்புபடுத்தலாம் என்று 1945இல் எழுதிய ஆதர் சி. கிளார்க், 1956 முதல் 2008இல் இறக்கும்வரை வாழ்ந்தது நம் நாட்டில். 1975இல் இந்தியா கிராமங்களுக்குச் செய்மதித் தொலைக்காட்சியைப் பரீட்சித்தபோது, இஸ்ரோ பொறியியலாளர்கள் கொழும்பில் அவரது வீட்டிலும் ஒரு வாங்கியை அமைத்துக் கொடுத்தார்கள். 1984இல் அவர் பெயரில் ஒரு நிலையம் சட்டத்தால் உருவாகி மொரட்டுவையில் இயங்குகிறது.

அந்த நிறுவனமும் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனமும் சேர்ந்ததால் வந்ததுதான் 'ராவணா 1'. இரண்டு இலங்கைப் பொறியியலாளர்கள் அங்கே படித்துக்கொண்டே அதைச் செய்தார்கள். எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். கையில் அடங்கும் பெட்டி. நேபாளத்தினதும் ஜப்பானினதும் சின்னச் செய்மதிகளோடு 2019 ஏப்ரலில் விண்வெளி நிலையத்துக்குப் போய், ஜூன் 17ஆம் திகதி அங்கிருந்து விடப்பட்டது. 2021இல் அது வளிமண்டலத்தில் எரிந்து முடிந்தது. இப்படி முடிவது இயற்கைதான். கீழ் வட்டப் பாதையில் ஓடும் சின்னச் செய்மதிகளின் ஆயுள் அவ்வளவே.

இதற்கு முன், 2017 மே 5ஆம் திகதி இந்தியா 'தெற்காசியச் செய்மதி'யை ஏவி, அதில் இலங்கை உட்பட ஆறு அயல் நாடுகளுக்குப் பங்கு கொடுத்தது. அதுவும் நன்றிக்குரியது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஒன்று படிப்புத் திட்டத்தோடு வந்தது, மற்றது அயலவரின் அன்பளிப்பாக வந்தது. இரண்டுக்கும் பின்னால் ஆண்டுதோறும் தொடரும் ஓர் ஒதுக்கீடு நம்மிடம் இல்லை. இது மராகாவின் வழியா, ஸமர்கந்தின் வழியா என்று வாசகரே சொல்லட்டும்.

இலங்கைக்குச் சொந்த ரொக்கெட் வேண்டுமென்று நான் சொல்ல வரவில்லை. நமக்கு அது தேவையில்லை. தலைக்கு மேலே ஏற்கனவே போய்க்கொண்டிருக்கும் மற்றவர் செய்மதிகளை நம்மட கோப்புக்குள் இறக்குவதற்கான ஏற்பாடுதான் தேவை. அது இல்லாததன் விலையை இந்தக் கரை அறியும்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை சுமாத்திராவுக்கு அருகே நிலம் அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் கழித்து, அமெரிக்காவும் பிரான்சும் சேர்ந்து நடத்திய 'ஜேசன் 1' என்ற செய்மதி தற்செயலாக நம் கடலுக்கு மேலால் போனது. கடல் மட்டத்தை அளப்பதே அதன் வேலை. ஆழ்கடலில் அரை மீற்றர் அளவில் உயர்ந்துபோன அந்த அலையை அது அளந்து வைத்தது. ஆனால் அந்த அளவைக் கணித்து எடுக்கப் பல மணித்தியாலங்கள் தேவைப்பட்டன. உடனே எச்சரிக்கை விடுவதற்கு அது அமைக்கப்பட்டிருக்கவில்லை. இந்து சமுத்திரத்துக்கென்று எச்சரிக்கை வலையமைப்பும் அன்று இல்லை. நிலம் அதிர்ந்த செய்தி உலக நிலையங்களுக்குத் தெரிந்திருந்தும், அதைக் கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் மருதமுனைக்கும் கொண்டுவரும் கம்பி எங்கும் இருக்கவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். மேலே இருந்த கருவி அலையைப் பார்த்தது; கீழே இருந்த நமக்குச் சொல்ல ஆளில்லை.

அதன்பிறகு 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, நிலையம் வந்தது, எச்சரிக்கைக் கோபுரங்கள் வந்தன. பேரனர்த்தங்களின்போது விண்வெளி முகவரகங்கள் படங்களை இலவசமாகத் தரும் சர்வதேசச் சாசனம் ஒன்றும் இருக்கிறது. 2004இலும் அது இயங்கியது. நாட்டளவில் வழி திறந்திருக்கிறது. வட்டையளவில், எனக்கு அந்த அலுவலகத்தில் நடந்த மாதிரி, வழி கதவோடு நிற்கிறது.

ஆரம்பக் கூட்டம்

நம்மட விவசாயிகளுக்கு ஒருங்கிணைப்பு என்றால் என்ன என்று யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் ஆரம்பக் கூட்டம் நடக்கும். சேனாநாயக்க சமுத்திரத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று நீர்ப்பாசனக்காரர் சொல்வார். விதை, பசளை பற்றிக் கமநல சேவைக்காரர் சொல்வார். விவசாயிகளும் வட்டவிதானைமாரும் தங்கள் நிலைமையைச் சொல்வார்கள். நீர் திறக்கும் திகதி, விதைப்பு முடிக்கும் திகதி முடிவாகும். பிறகு யாரும் அதை மீற முடியாது. விண்வெளித் தரவுக்கும் இப்படியொரு கூட்டம்தான் வேண்டும். வளிமண்டலவியல், நீர்ப்பாசனம், நிலஅளவை, கமநலம், அனர்த்த முகாமைத்துவம் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே தரவு தேடுவதைவிட, ஒரே மேசையில் உட்கார்ந்து, எந்தப் படத்தை யார் எடுப்பது, யார் கணிப்பது, எந்தப் படிவத்தில் அதை அத்தாட்சியாக ஏற்பது என்று முடிவெடுக்க வேண்டும். அதற்கென்று வரவு செலவுத் திட்டத்தில் சின்னதாக, ஆனால் வருடாவருடம் மாறாத ஒரு வரி வேண்டும். இதற்குப் பெரிய காசு தேவையில்லை, படம் இலவசம். தேவைப்படுவது படத்தை வாசிக்கத் தெரிந்த ஆட்களும் ஒரு சுற்றுநிருபமும்.

ஆட்கள் இங்கேயே உருவாகலாம். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில்தான் இருக்கிறது. வீரமுனை வட்டை அதற்குக் கூப்பிடு தூரம். நம்மட பகுதியின் வெள்ள வரைபடத்தை ஒவ்வொரு மாரிக்கும் தயாரித்துப் பிரதேச செயலகங்களுக்குக் கொடுக்கும் ஒரு சின்னப் பிரிவை அங்கே கற்பனை செய்து பாருங்கள். எந்தப் பாதையில் எப்போது நீர் ஏறும் என்பது சில மாரிகளின் படங்களை அடுக்கி வைத்தாலே தெரியும். மாவடிப்பள்ளிப் பாதையும் அதில் அடங்கும். அரசு தாமதித்தால், இரண்டு மூன்று மாணவர்களின் படிப்புச் செலவை ஏற்கும் அளவுக்கு நம்மட பள்ளிவாசல்களிடமும் தனவந்தர்களிடமும் வசதி இருக்கிறது. தூஸி காட்டிய வழி அதுதானே. ஓர் அறையையும் இரண்டு பேரையும் தாங்கும் வக்ஃபு, ஒரு வெளிநாட்டு அன்பளிப்பைவிட நீண்ட காலம் நிற்கும். அந்த வரைபடத்தில் முஸ்லிம் வயல், தமிழ் வயல் என்று பிரித்து நிறம் தீட்டவும் முடியாது. நீர் நின்ற இடம் எல்லாம் ஒரே கறுப்புத்தான்.

பக்கத்து வயல்காரரிடம் போன கிழமை இதையெல்லாம் வரம்பில் உட்கார்ந்து சொன்னேன். ஐரோப்பாக்காரர் வரி கட்டுகிறார்கள், விற்கப் பார்த்து நட்டப்பட்டவர்களிடமிருந்து பாடம் படித்து இலவசமாகத் தருகிறார்கள் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப சேர், அவனுகள் காசும் குடுத்து, படமும் புடிச்சு, சும்மாவும் தாறானுகள். நம்மட ஆக்கள் செய்ய வேண்டியது ஒரு கடதாசியில கையெழுத்துப் போடுறது மட்டும்தானே?"

"அவ்வளவுதான் அண்ணன்" என்றேன்.

"அடுத்த மாரிக்கு முன்னால போடுவானுகளா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் படத்தையும் ஒரு கோரிக்கைக் கடிதத்தையும் இணைத்து, இருவரும் கையெழுத்து வைத்து, உரிய இடத்துக்கு மறுபடியும் அனுப்பியிருக்கிறோம். வாசகர்களில் வயலுள்ளவர்கள் தங்கள் வட்டையின் படத்தோடு இதேபோல் எழுதுங்கள். நூறு கடிதம் போனால் ஒரு சுற்றுநிருபம் வரும், இன்ஷா அல்லாஹ்.